பெட்டியில் எழுதியிருக்கும் வொட்டை நம்பலாமா?

இரத்தினபுரி நகரில் காலை வேளையில் மாணிக்கக்கல் வியாபாரம் நடக்கும் இடத்திற்குப் போய் வந்தவர்களுக்கு ஒரு விடயம் நன்றாகத் தெரிந்திருக்கும். கல்லை விற்பவர் எவ்வளவுதான் புகழ்ந்தாலும் வாங்குபவர் அதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டார். வெயிலில் பிடித்துப் பார்ப்பார், டோர்ச் அடித்துப் பார்ப்பார், தராசில் வைத்துக் கரட் பார்ப்பார். அதன் பிறகுதான் விலை பேசுவார்.

அதே மனிதர் தனது வாகனத்துக்கு செட் பூட்ட எங்களைப் போன்றவர்களின் கடைக்கு வந்தால் நிலைமை தலைகீழாகி விடுகிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 1500 வொட் என்று அச்சடித்திருந்தால் உடனே நம்பி விடுகிறார். விற்கின்ற நாமும் அந்த இலக்கத்தைக் காட்டியே விற்கிறோம். அது உண்மையா என்று அவரும் கேட்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை.

பெல்மதுளைப் பக்கம் பல வருடங்களாக வாகன மின் உபகரணக் கடை நடத்தி வருபவன் நான். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வேன் ஓட்டும் இளைஞர்கள். காலையில் பாடசாலைப் பிள்ளைகள், பகலில் நகரத்துக்குச் செல்வோர், வார இறுதியில் கல்யாண ஹயர் என்று அவர்களுடைய பிழைப்பு நடக்கிறது. வேனில் நல்ல செட் இருந்தால்தான் ஹயர் கிடைக்கும் என்பது அவர்களுடைய கணக்கு. அது ஓரளவு உண்மையும்கூட. இந்த வியாபாரத்தில் நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து கற்றுக்கொண்டதையும் இதே தொழிலில் இருக்கும் சகோதரர்களுக்கும், பணம் கொடுத்து வாங்கும் பாவனையாளர்களுக்கும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு தாயின் கேள்வி

2018 ஆம் ஆண்டு. இறக்குவானைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து ஓர் இளைஞன் வந்தான். வேன் லீசிங்கில் எடுத்தது. அதற்கு முற்பணம் கட்டியது, தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற தாயின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தில். மிச்சமிருந்ததைக் கொண்டு செட் பூட்ட வந்திருந்தான்.

"முதலாளி, பேஸ் அடிச்சா கண்ணாடி அதிரணும்" என்றான்.

நானும் 12 அங்குல சப்வூபர் ஒன்றையும், பெட்டியில் 1500 வொட் என்று எழுதியிருந்த அம்ப்ளிபயர் ஒன்றையும் எடுத்துக் காட்டினேன். பெட்டி, வயர், கூலி எல்லாம் சேர்த்து 48,000 ரூபா. 2016 ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தப்படி அப்போது ஒரு தோட்டத் தொழிலாளிக்கு எல்லாக் கொடுப்பனவுகளும் சேர்த்து ஒரு நாளைக்குக் கிடைத்தது 730 ரூபா. அப்படியானால் அந்த செட்டின் விலை ஏறத்தாழ அறுபத்தைந்து நாள் சம்பளம். இந்தக் கணக்கை நான் அன்று போட்டுப் பார்க்கவில்லை.

கடையில் வைத்துப் பத்து நிமிடம் போட்டுக் காட்டினோம். கண்ணாடி அதிர்ந்தது. அவனும் சந்தோஷமாகப் போனான். ஒரு வாரத்தில் திரும்பி வந்து, "ஏத்தத்துல போறப்ப பாட்டு நின்னு நின்னு வருது முதலாளி" என்றான். வயர் தளர்ந்திருக்கும் என்று சொல்லி இறுக்கி அனுப்பினேன். மூன்றாவது வாரம் அம்ப்ளிபயர் புகை விட்டு எரிந்து போனது.

இந்த முறை தாயையும் அழைத்து வந்திருந்தான். எரிந்த சாமானுக்கு வொரண்டி இல்லை, இறக்குமதி செய்தவர்கள் ஏற்க மாட்டார்கள் என்று வழமையான பதிலைச் சொன்னேன். அந்தத் தாய் சத்தம் போடவில்லை. இப்படித்தான் கேட்டார்:

"கம்பெனிக்காரன நாங்க எங்க போயி தேடுறது முதலாளி? உங்க கையிலதான காசு குடுத்தோம். பூட்டிக் குடுத்ததும் நீங்கதான?"

என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன்.

எங்கே பிழைத்தது?

எங்கள் நகரில் ரேடியோ திருத்தும் வயதானவர் ஒருவர் இருக்கிறார். எரிந்த அம்ப்ளிபயரையும் சப்வூபரையும் அவரிடம் கொண்டு போனேன். அவர் அம்ப்ளிபயரைத் திறக்கவே இல்லை. சப்வூபரின் வயர் இரண்டிலும் மல்ட்டிமீற்றரை வைத்தார். 1.7 என்று காட்டியது. "இந்த அம்ப்ளிபயருக்கு எத்தனை ஓம் பூட்டலாம் என்று புத்தகத்தில் இருக்கிறது, வாசித்தீர்களா?" என்று கேட்டார். நான் வாசிக்கவில்லை.

விடயம் இதுதான். அந்த சப்வூபரில் தலா 4 ஓம் கொண்ட இரண்டு கொயில்கள் இருந்தன. இப்படியான சப்வூபரை இரண்டு விதமாகப் பூட்டலாம். ஒரு கொயிலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தில் இணைத்தால், அதாவது தொடராக இணைத்தால், 8 ஓம். நேரை நேருடனும் மறையை மறையுடனும் சேர்த்துச் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம். எங்கள் கடைப் பையன் பேஸ் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்று சமாந்தரமாக இணைத்திருந்தான்.

அம்ப்ளிபயரோ இரண்டு சனல் கொண்டது. இரண்டு சனலையும் ஒன்றாக்கி பிரிட்ஜ் முறையில் பாவிப்பதானால் 4 ஓமுக்குக் குறையக் கூடாது என்று அதன் புத்தகத்தில் இருந்தது. பிரிட்ஜ் செய்யும்போது ஒவ்வொரு சனலும் சுமையில் பாதியைத்தான் காண்கிறது. ஆகவே 2 ஓம் பூட்டினால் ஒவ்வொரு சனலுக்கும் அது 1 ஓம். ஓம் குறையக் குறைய அம்ப்ளிபயரிலிருந்து இழுபடும் மின்னோட்டம் கூடும், சூடும் கூடும். முதலில் நின்று நின்று பாடியது, சூடேறியதும் அம்ப்ளிபயர் தன்னைத்தானே பாதுகாத்துக்கொண்டதால். அது எங்களுக்குக் கொடுத்த எச்சரிக்கை. நான் வயரை இறுக்கி அனுப்பினேன்.

மல்ட்டிமீற்றர் 2 என்று காட்டாமல் 1.7 என்று காட்டியதும் பிழையல்ல. மீற்றர் காட்டுவது கொயில் கம்பியின் நேரோட்டத் தடையை. அது பெயரளவு ஓமை விடச் சற்றுக் குறைவாகவே இருக்கும். 4 ஓம் கொயில் 3.5 அளவில் காட்டும். கடையில் மீற்றர் வைத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால், பூட்டுவதற்கு முன் அரை நிமிடத்தில் பிழையைக் கண்டுபிடித்து விடலாம்.

வொட்டின் உண்மையான நிறை

அடுத்தது அந்த 1500 வொட். கல்லுக்குக் கரட் எப்படியோ அம்ப்ளிபயருக்கு ஆர்.எம்.எஸ். வொட் அப்படி. தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்தி அதுதான். பெட்டியில் பெரிதாகப் போடுவது 'மெக்ஸ்', 'பீக்' என்ற பெயரில் வரும் இலக்கம். கண நேர உச்சம் என்று அதற்குப் பொருள் சொன்னாலும், பல மலிவான பொருட்களில் அது வெறும் அச்சுத்தான்.

இந்தக் குழப்பத்தை நீக்க அமெரிக்காவின் நுகர்வோர் இலத்திரனியல் சங்கம் 2003 ஆம் ஆண்டு சீ.ஈ.ஏ. 2006 என்ற அளவீட்டு முறையைக் கொண்டு வந்தது. 14.4 வோல்ட் மின்சாரத்தில், 4 ஓம் சுமையில், ஒலிச் சிதைவு 1 சதவீதத்துக்கு மேற்படாமல் எவ்வளவு வொட் வருகிறது என்று அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த முத்திரையுள்ள பொருளின் இலக்கத்தை நம்பலாம். முத்திரை இல்லாவிட்டால் என்ன செய்வது?

பியூஸைப் பாருங்கள். வொட் என்பது வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்குவதால் வருவது. நான் விற்ற அம்ப்ளிபயரில் இருந்தது 30 அம்பியர் பியூஸ். வாகனம் ஓடும்போது ஏறத்தாழ 13.8 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 414 வொட். உள்ளே போவதே இவ்வளவுதான். பழைய 'ஏபி' வகை அம்ப்ளிபயரில் இதில் பாதியளவுதான் ஒலியாக வெளியே வரும், மீதி சூடாகப் போய்விடும். 'டீ' வகை என்றால் ஏறத்தாழ 80 சதவீதம் வரும். என்னுடையது ஏபி வகை. ஆகவே 1500 வொட் என்று நான் விற்றது உண்மையில் 200 வொட் சாமான்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளின் தரம் பற்றிப் பொய்யாகச் சொல்லிப் பாவனையாளரைத் தவறாக வழிநடத்துவதைத் தடை செய்கிறது. பெட்டியில் அச்சடித்தவன் எங்கோ இருக்கிறான், ஆனால் அதை வாயால் சொல்லி விற்றது நான். அளவையிலும் நிறுவையிலும் குறைவைக்கக் கூடாது என்று சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அரிசி நிறுக்கும் தராசுக்கு மட்டும்தான் அது என்று நினைத்துக்கொண்டிருந்து விட்டேன்.

பொருத்தம் பார்ப்பது எப்படி?

அந்த இளைஞனின் சப்வூபர் 300 வொட் ஆர்.எம்.எஸ். தாங்கக்கூடியது. இரண்டு கொயிலையும் சமாந்தரமாக இணைத்தால் 2 ஓம். ஆகவே தேவைப்பட்டது 2 ஓமில் ஏறத்தாழ 300 வொட் ஆர்.எம்.எஸ். கொடுக்கும் ஒரு சனல் கொண்ட டீ வகை அம்ப்ளிபயர். பொருத்தம் என்பது இவ்வளவுதான்: சப்வூபர் தாங்கும் ஆர்.எம்.எஸ். வொட்டும், பூட்டிய பின் வரும் அதே ஓமில் அம்ப்ளிபயர் கொடுக்கும் ஆர்.எம்.எஸ். வொட்டும் ஒன்றுக்கொன்று கிட்ட இருக்க வேண்டும்.

சிறிய அம்ப்ளிபயரைப் பூட்டினால் சப்வூபர் பத்திரமாக இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் முழுக்கச் சரியல்ல. சத்தம் போதாமல் கெயினைக் கடைசி வரைக்கும் திருகுவார்கள். அப்போது ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதைத்தான் கிளிப்பிங் என்கிறோம். முற்றாக வெட்டுப்பட்டால் சாதாரண அலையின் இரண்டு மடங்கு வரைக்கும் சக்தி கொயிலுக்குப் போகலாம். கொயில் கருகும் மணம் வருவது பெரும்பாலும் இதனால்தான்.

கெயின் என்பது சத்தத்தைக் கூட்டும் திருகி அல்ல. அதை மீற்றர் வைத்தே சரிசெய்யலாம். வேண்டிய வொட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் வரும். 300 வொட், 2 ஓம் என்றால் 600 இன் வர்க்கமூலம், ஏறத்தாழ 24.5 வோல்ட். சப்வூபரைக் கழற்றி வைத்து, பேஸ் பூஸ்ட்டை நிறுத்தி, ரேடியோவை முக்கால் அளவுக்கு வைத்து, 50 ஹேர்ட்ஸ் சோதனை ஒலியைப் போட்டு, அம்ப்ளிபயரின் வெளியீட்டில் ஆடலோட்ட வோல்ட் 24.5 வரும் வரைக்கும் கெயினைத் திருக வேண்டும். பிறகு அதைத் தொடக் கூடாது. ரேடியோவின் சத்தத்தையும் அந்த முக்கால் அளவுக்கு மேல் கூட்டக் கூடாது.

வயரும் பெட்டியும்

300 வொட் டீ வகை அம்ப்ளிபயர் முழுச் சத்தத்தில் ஏறத்தாழ 27 அம்பியர் இழுக்கும். வேனின் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் 5 மீற்றர் வயர் என்று வைத்துக்கொள்வோம். வீட்டு வயரிங்குக்குப் பாவிக்கும் 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரைப் போட்டால் வழியிலேயே 1 வோல்ட் தொலைந்துவிடும், வயரும் சூடாகும். 10 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு கால் வோல்ட் அளவுதான். தடிப்பாகத் தெரியும் சில மலிவு வயர்கள் செப்புப் பூசிய அலுமினியம். அலுமினியம் செப்பைப் போல ஏறத்தாழ 60 சதவீதமே மின்சாரத்தைக் கடத்தும். சுரண்டிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

பெட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் கட்டாயம். வயர் எங்காவது உரசி பொடியில் பட்டால் வாகனம் தீப்பிடிக்காமல் காப்பது அதுதான். எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இரும்பில் இறுக்க வேண்டும். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பெய்கிறது. எர்த் துருப்பிடிப்பது இங்கே சர்வசாதாரணம். தோட்டப் பாதைக் குலுக்கலில் ஆணிகளும் தளரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இலவசமாகப் பார்த்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போக மாட்டார்.

பெட்டியின் அளவும் பொருத்தத்தில் சேர்ந்ததுதான். அவுஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961 இல் எழுதிய ஆய்வும், சிட்னி பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மோல் 1970களில் தொடர்ந்த ஆய்வும்தான் இன்று உலகமெங்கும் ஸ்பீக்கர் பெட்டிக் கணக்குக்கு அடிப்படை. நாம் அந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. சப்வூபரோடு வரும் தாளில் எத்தனை கன அடி என்று எழுதியிருப்பார்கள். 12 அங்குலத்துக்கு மூடிய பெட்டி என்றால் பெரும்பாலும் 1 கன அடி அளவு. துளை வைத்த பெட்டி அதைவிடப் பெரிதாக வேண்டும். அந்தத் தாளை வாசிக்காமல் தச்சரிடம் "வேனுக்குக் கொள்ளுற மாதிரி" என்று சொல்வது, அளவு எடுக்காமல் சட்டை தைப்பது போன்றது. எம்.டீ.எப். பலகை ஈரத்தில் ஊதும் என்பதால் எங்கள் பக்கத்துக்கு நல்ல பிளைவுட் உகந்தது. கூம்பின் விளிம்பு பஞ்சா இறப்பரா என்றும் பாருங்கள். பஞ்சு விளிம்பு சில வருடங்களில் உக்கி உதிரும். இறப்பர் நீண்ட காலம் நிற்கும். கேகாலைக்காரர்களுக்கு இறப்பரின் அருமையை நான் சொல்லத் தேவையில்லை.

கூடுதல் பணம், கொஞ்சச் சத்தம்

வாடிக்கையாளருக்கு நாம் மறைக்கும் இன்னொரு உண்மை இருக்கிறது. வொட்டை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாவதில்லை. 300 ஐ 600 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்க வேண்டுமானால் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வொட் வேண்டும். அதற்கான மின்சாரத்தை வேனின் ஆல்டர்னேட்டரால் கொடுக்கவும் முடியாது. ஆகவே "இன்னும் பெருசு குடுங்க" என்று கேட்பவரிடம் இதைச் சொல்லி, அந்தப் பணத்தை நல்ல வயருக்கும் பெட்டிக்கும் போடச் சொல்வதுதான் நேர்மை.

85 டெசிபலில் எட்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் காது கெடும் என்பது தொழில் சுகாதாரத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் தாங்கும் நேரம் பாதியாகும். வேனில் இருப்பது பாடசாலைப் பிள்ளைகள். லயன் அறைகளின் சுவருக்குள்ளும் பேஸ் இலகுவாகப் புகும். உள்ளே இருப்பவர்கள் அதிகாலையில் மலைக்குப் போக வேண்டியவர்கள். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா வேலைத்திட்டத்தின்போது பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் இருந்த மேலதிகப் பொருட்களை அகற்றப் பொலிஸார் இறங்கியது நினைவிருக்கலாம். அளவோடு பூட்டினால் யாருக்கும் தொந்தரவில்லை.

முடிவில்

இரண்டு நாள் கழித்து அந்த இளைஞன் வந்தான். புதிய அம்ப்ளிபயரின் பெட்டியில் 600 வொட் என்றுதான் இருந்தது. "முந்தியது ஆயிரத்து ஐநூறு இல்லையா முதலாளி?" என்று முகம் வாடிக் கேட்டான். "பூட்டின பிறகு பேசுவோம் தம்பி" என்றேன். பழையதின் விலையைக் கழித்தேன், கூலி எடுக்கவில்லை. எனக்கு அன்று பத்தாயிரத்துக்கும் மேல் நட்டம். பாட்டைப் போட்டதும் அவன் ஒன்றும் பேசவில்லை, சத்தத்தைக் குறைத்தான். அந்தத் தாய் வேனின் படியில் உட்கார்ந்து முழுப் பாட்டையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2022 இல் ரூபாவும் சரிந்தபோது எங்கள் தொழில் ஏறத்தாழப் படுத்துவிட்டது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைக்கும் வரைக்கும் ஐந்து வருடம், பழைய வாகனங்களின் திருத்த வேலையில்தான் கடை ஓடியது. அந்தக் காலத்தில் என்னிடம் வந்தவர்களில் பலர் அந்த இளைஞன் அனுப்பியவர்கள். விளம்பரத்துக்குச் செலவழித்திருந்தால் அந்தப் பத்தாயிரத்துக்கு இத்தனை பேர் வந்திருக்க மாட்டார்கள்.

இப்போது எங்கள் கடையில் ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு சிறிய தாள் எழுதிக் கொடுக்கிறோம். சப்வூபரின் ஆர்.எம்.எஸ். வொட், பூட்டிய பின் மீற்றர் காட்டிய ஓம், அம்ப்ளிபயர் அந்த ஓமில் கொடுக்கும் வொட், பியூஸின் அளவு, கெயின் வைத்த வோல்ட். ஐந்தே வரிகள். கீழே கடையின் சீலும் என் கையொப்பமும். பிழைத்தால் அந்தத் தாளோடு வரலாம். பாவனையாளர்களும் எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த ஐந்து விடயத்தையும் எழுதித் தரும்படி கேளுங்கள். தயங்காமல் எழுதித் தருபவரிடம் பூட்டுங்கள்.